தங்கைக்கு எட்டு ஜிபி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணன் எழுந்திருக்கவே மாட்டேங்கறாரும்மா." சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன். தங்கை வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் கையை விரித்துவிட்டிருந்தார்.

ஐம்பத்திரண்டு வயது. அதில் பாதி, ஆராய்ச்சி நிலையத்தின் ஜன்னலில்லாத அறையில் கழிந்தது. நாற்பது பேர் பங்கு போட்டுக்கொள்ளும் யூனிக்ஸ் கணினியை அவன்தான் கட்டி மேய்த்தான். எந்த ப்ரோக்ராம் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று வரம்பு போடுவதும் அவனே. ஆளுக்கு நான்கு ஜிபி. கூடக் கேட்டால், "முதல்ல உன் ப்ரோக்ராமைக் கொஞ்சம் இளைக்கச் சொல்லு" என்பான். 'அளவுச் சாப்பாடு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கறாருக்குக் காரணம் இருந்தது. ஒருமுறை யாரோ ஒருவரின் ப்ரோக்ராம் மொத்த மெமரியையும் விழுங்கிவிட, மூச்சு முட்டிய கணினி, தான் பிழைக்க, சம்பந்தமே இல்லாத ஒருத்தியின் நான்கு மாத வேலையைக் கொன்றுபோட்டது. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை அவன் பார்த்திருக்கிறான்.

தங்கைக்கும் அங்கேதான் வேலை. அவளுடைய நிலத்தடி நீர்க் கணக்கு ஒவ்வொரு தடவையும் வரம்பில் முட்டிப் பாதியிலேயே செத்தது. அவன் சாவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் வெடித்துவிட்டாள்.

"மெமரி என்ன, உன் அப்பன் வீட்டு சொத்தா?"

"நம்ம அப்பன் வீட்டு சொத்தா இருந்தா பாதி உனக்குத் தந்திருப்பேனே!"

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று கேட்டுவிட்டு வெளியேறினாள். வியாழக்கிழமை அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

என்னை வெறுத்துக்கொண்டே போனானா? அதன் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அவன் வேலைக்குப் புதிதாக வந்தவர் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. வரம்பு எழுதற ஃபைல்ல உங்க பேரு இருக்கு. உங்க அண்ணன் போறதுக்கு ரெண்டு நாள் முன்னால, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேர்த்திருக்காரு."

எல்லோருக்குமான வரிக்குக் கீழே அவளுக்கென்று தனி வரி: எட்டு ஜிபி. அதையொட்டி ஒரு குறிப்பு: 'தங்கச்சி. திங்கள் காலையில அவ பக்கத்துல உக்காந்து ஓட்டிப் பாக்கணும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டாள்: "அப்புறம் ஏன் எனக்கு இன்னும் நாலுலயே நிக்குது?"

அவர் திரையில் அந்த வரியின் தொடக்கத்தில் இருந்த # குறியைத் தொட்டுக் காட்டினார். அந்தக் குறி முன்னால் இருக்கும் வரியைக் கணினி கண்டுகொள்ளாது. அண்ணன் அதை இன்னும் எடுத்திருக்கவில்லை.