கேட்டுப் பிடித்த வீடு

லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்களுக்கு வாய் ஓட ஆரம்பித்துவிடும். கதவுக்குப் பின்னால் ஒருவர் இருட்டில் நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறார் என்பதையே மறந்து, அடுத்த வீட்டுக்காரனின் மானத்தை வாங்குவார்கள். அங்கே உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான், லிஃப்ட் ரிப்பேர் செய்யும் லிஃப்ட்காரர் தனக்கும் தன்னோடு வாழும் பேக்கரிக்காரருக்கும் வீடு தேடினார்.

வேறு வழி? ‘அண்ணன் தம்பி’ என்று சொல்லிக் குடிபோன வீடுகளிலெல்லாம் யாராவது ஒரு புண்ணியவதி தம்பிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிடுவாள். சாயம் வெளுத்ததும் மெத்தை நடைபாதைக்கு வந்துவிடும்.

பல கட்டடங்களுக்குப் பிறகு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தில், கதவுக்கு வெளியே ஒரு பெண்குரல் யாரையோ சுள்ளென்று கேட்டது. “யார் யாரோட வாழ்ந்தா உனக்கென்ன? உன் வீட்டுச் சோத்தயா திங்கிறாங்க?”

அவள்தான் வீட்டுக்காரம்மா. கிரீஸ் கையோடு போய் லிஃப்ட்காரர் முதல்முறையாக உண்மையைச் சொல்லி வீடு கேட்டார். “அண்ணன் தம்பி இல்லம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்.”

“குழாய மட்டும் ஒழுங்கா மூடுங்க” என்று சாவியைக் கொடுத்தாள்.

அங்கே பக்கத்துக் கடைக்காரர்கூட, “உங்க ஆளு எங்க, காணோம்?” என்று நமட்டுச் சிரிப்பில்லாமல் கேட்பார். பேக்கரிக்காரர் இருவர் துணியையும் ஒரே கொடியில் காயப்போட்டார். அதற்கே மனுஷனுக்குக் கண் கலங்கியது.

போன மாதம் ஒரு மாலை, வீட்டுக்காரம்மாவின் மகள், வங்கியில் வேலை பார்ப்பவள், பையோடு இவர்கள் வாசலில் வந்து நின்றாள். தன் தோழியோடுதான் வாழ்வேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

“மாடியில இருக்குற அண்ணன்களை மட்டும் தாங்குறியேம்மான்னு கேட்டேன். ‘அதுங்க எவ பெத்த பிள்ளைங்களோ, நீ நான் பெத்தவ. வெளிய போ’ன்னுட்டாங்க. அவ இருக்குற ஹாஸ்டல்ல இடமில்ல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்ணா.”

லிஃப்ட்காரர் கதவைவிட்டு நகரவில்லை. “இது உங்கம்மா வீடும்மா” என்றார், தரையைப் பார்த்தபடி.

கோழை என்று திட்டுவது சுலபம். நடைபாதையில் தன் மெத்தைக்குத் தானே காவல் இருந்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அது புரிந்தும், இதைச் சொல்லும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அவள் கெஞ்சவில்லை. “சரிண்ணா. ஊரெல்லாம் தேடினவங்க நீங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒத்துவர்ற தெரு ஒண்ணு சொல்லுங்க, போயிடறேன்.”

சல்லடை போட்டுச் சலித்தவருக்குத் தெரிந்தது இந்த ஒரு தெருதான். கதவைச் சாத்தினார்.

திரும்பினால், பேக்கரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“அந்தப் புள்ளைக்கு வீடு பார்க்க. நகரு.”

லிஃப்ட்காரர் நகர்ந்தார். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த வீட்டில், அன்று முதல் அவர் மட்டும்தான் இருக்கிறார்.