கிளிஷேன்னா என்னா?

தொழிற்சாலைப் பேருந்து செம்பனைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் மரியகொரெட்டி அன்றைய ஆங்கிலச் சொல்லை ஏழெட்டு முறை முணுமுணுத்துவிடுவார். சொல் நாக்குக்குப் படிந்துவிட்டால் ஒரு தலையாட்டல். இல்லாவிட்டால், "இது சரிப்படாதுலா" என்று அடுத்ததற்குத் தாவிவிடுவார். பக்கத்து இருக்கையில் நான் இருப்பதே அவருக்கு நினைவிராது.

தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து இன்னும் அங்கேயே இருப்பவர். வயது நாற்பத்தேழு. சுங்கை காடுட்டில் நாங்கள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகச் சோதனைப் பிரிவில் நிற்கிறார். கையுறையில் காற்றை அடைத்துக் கன்னத்தருகே பிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் அகப்பட்டுவிடும். ஆனால் சூப்பர்வைசர் நேர்முகத்தில் இரண்டு முறை தோற்றார். இரண்டு முறையும் ஆங்கிலம்தான் காலை வாரியது.

மூன்றாம் முறைக்கு, மகளின் கைப்பேசியில் பார்த்துப் பத்து வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். "ஐ எம் எ டீம் பிளேயர்" என்று தொடங்கி எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்தார். எதிரே இருந்த மனிதவள அதிகாரி மயூரிக்கு முப்பது வயதுகூட இராது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "திஸ் இஸ் ஆல் கிளிஷே" என்றார்.

அந்தச் சொல்லைக் கொரெட்டி படித்திருக்கவில்லை.

"காப்பி அடிச்சத கண்டுபிடிச்சிட்டாங்க, இருக்குற வேலையும் போச்சுன்னு நெனச்சிட்டேன்லா" என்றார் என்னிடம்.

முன்பெல்லாம் புரியாததற்கும் "யெஸ்" சொல்லிவிட்டு வந்தவர், அன்று கேட்டுவிட்டார்: "சோரி மேடம். கிளிஷேன்னா என்னா?"

மயூரி தமிழுக்கு மாறினார். "எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோன பேச்சு, அக்கா. காலையிலேருந்து ஆறு பேரு இதையேதான் சொன்னாங்க. நீங்க ஒங்க வேலையைச் சொல்லுங்க."

"அட, அவ்ளோதானா!" வாய்விட்டே சொல்லிவிட்டாராம்.

பிறகு இருபது நிமிடம் ஆங்கிலம், மலாய், தமிழ் என்று வந்ததையெல்லாம் கலந்து ஓட்டைகளைப் பற்றியே பேசியிருக்கிறார். எந்த அச்சு தேய்ந்தால் எந்த விரலிடுக்கில் கிழியும், மழை நாளில் ஏன் கழிவு கூடும் என்று. மயூரி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டாராம்.

நேற்று மதியம் சிற்றுண்டிச்சாலையில் கடிதம் கைக்கு வந்தது. முதல் வரியை விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். வேலை கிடைத்துவிட்டது.

"இந்த வரிய எல்லாருக்கும் இதே மாதிரிதான் எழுதுவாங்க. பரவால்லலா" என்றார்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்தார். பிறகு, கேட்காமலே, என் பொட்டலத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.