வெள்ளிக்கிழமை எடை

அமெரிக்காவின் டோலிடோ நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி நிறுத்தும் எடை மேடை ஒன்று உண்டு. நிர்வாகி பிரெவிட் எடைக்குறைப்புப் போட்டியை ஆரம்பித்த பிறகு, வெள்ளிக்கிழமை காலையில் ஊழியர்களும் குழு குழுவாக அதில் ஏறினார்கள். குறைந்தவருக்குக் கைதட்டல்; ஜெயிக்கும் குழுவுக்கு மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை.

வாண்டா அங்கே இருபது வருடப் பராமரிப்பாளர். அகன்ற தோள், பருத்த கை. இரண்டு பேர் தூக்க வேண்டியவரைத் தனியாளாக எழுப்பி உட்கார வைப்பாள். குறைக்க அவளிடம்தான் நிறைய இருக்கிறது என்று அவளுடைய குழு அவளையே நம்பியிருந்தது. காலையில் கறுப்புக் காபி, மதியம் ஒரு முட்டை. எடை பார்ப்பதற்கு முந்தின நாள் மதியத்தோடு தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம்.

மூன்றாவது வெள்ளி, கைதட்டல் வாங்கிய கையோடு, அவள் பராமரிப்பில் இருந்த டூடெக் கிழவரைக் கட்டிலிலிருந்து எழுப்பினாள். கண் இருட்டியது. முழங்காலை அவருக்கு அடியில் கொடுத்து, அவரோடு சேர்ந்து மெதுவாகத் தரையில் சரிந்தாள். நல்லவேளை, அடி இல்லை.

"போன மாசம் நான் இளைச்சப்போ பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டே. வெண்ணெயா ஊட்டினே. நீ இளைச்சா மட்டும் கை தட்டுறாங்களா?" என்றார் டூடெக், தரையில் கிடந்தபடியே.

வாண்டா இன்னொருத்தியைத் துணைக்குக் கூப்பிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். அன்று மதியம் முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளி, மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பெரிய குவளைத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"ஏய், இப்பவா குடிக்கிறே? நாம தோத்துடுவோம்டி!" என்று சார்லீன் கத்தினாள். குழுத்தலைவி அவள்தான்.

"தோக்கட்டும். டூடெக் விழக்கூடாது."

"காப்பீட்டுச் சலுகை போயிடும், வாண்டா" என்றார் பிரெவிட்.

"போகட்டும் மேடம். என் கைக்கு பலம் வேணும். நான் இதுல ஏற மாட்டேன்."

டூடெக்கை நாற்காலியோடு தள்ளிவந்து மேடையில் நிறுத்தினாள். எடை கூடியிருந்தது. வாண்டா ஓங்கிக் கை தட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை. டூடெக் மட்டும் கையை உயர்த்தி எல்லாருக்கும் வணக்கம் வைத்தார்.

"எங்க உழைப்பையெல்லாம் கெடுத்துட்டே" என்று பாய்ந்து வந்த சார்லீன், பாதி வழியில் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள்.

வாண்டா குவளையை நிரப்பி அவள் கையில் திணித்தாள்.

"முதல்ல குடி. அப்புறம் திட்டு."