சூட்டில் வைத்த பந்துகள்

போன மாதம் கனடாவிலிருந்து விடுப்பில் வந்த என் மகன், பெட்டியைத் திறந்து துணிகளைக் கட்டிலில் அள்ளிப் போட்டபோது அடியில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே பன்னிரண்டு வெள்ளைப் பந்துகள். அங்கே சனிக்கிழமைகளில் அவன் கோல்ஃப் விளையாடுகிறானாம். எங்கள் பக்கத்தில் கல்ஃப் என்றால் எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். இந்தக் கோல்ஃப் அப்பாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தான். குளிர்காலத்துக்குப் பந்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். இறுக்கம் கூடினது குளிரில் கல்லாகிவிடும், கொஞ்சம் மெத்தென்று இருப்பதுதான் பறக்கும், ஆட்டத்துக்கு முந்தி அதை வீட்டுக்குள் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்றான். தெரியும் என்றேன். சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். பாவம், அவன் என்ன செய்தான்?

பிறகு ஆளில்லாத நேரத்தில் ஒரு பந்தை எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. என் காலத்துப் பந்துக்கு மணம் உண்டு. பெயின்ட் உரிந்த இடத்தில் மூக்கை வைத்தால் ரப்பர் வாடை வரும், அதற்குப் பின்னால் புகை, புகைக்குப் பின்னால் புளித்த பால். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைப்புரையில் தொங்கவிட்டு உலர்த்துகிற இடத்தில் மூன்று வருடம் கிடந்தவன் நான். சட்டையை விட்டாலும் அந்த நாற்றம் மூக்கை விடாது.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். பள்ளியிறுதி தேறியிருந்தேன். வயலில் இறங்க மனமில்லை, நாகர்கோவிலில் உத்தியோகம் கிடைக்கவில்லை. பூதப்பாண்டித் தெருவில் சட்டை கசங்காமல் திரிவதுதான் வேலை. அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவர், எனக்கு மாமா முறை, கீரிப்பாறைக்கு மேலே மலையில் ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் அல்ல, ஆபீசில் சாயிப்புக்கு, அதாவது வெள்ளைக்காரத் துரைக்கு, அடுத்தபடி அவர்தான். அவர் தயவில் ஸ்டோர் கிளார்க் ஆனேன். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று கீழே கொடியேற்றி மிட்டாய் தின்றுவிட்டு மேலே போனால், அங்கே அவன் அரைக்கால் சட்டையோடு சாய்வு நாற்காலியில் கிடக்கிறான். மண்வெட்டி, ஆசிட் ஜாடி, பால் வாளி ஆகியவற்றோடு அவனுடைய பந்துகளும் என் பொறுப்பு.

பங்களாவுக்கு மேலே புல்மேட்டில் ஐந்து குழி தோண்டி, குழிக்கொரு கொடி நட்டு வைத்திருந்தான். அந்தப் புல்லைச் செதுக்க எப்போதும் ஆள் இருந்தது. கீழே வேலைக்காரப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போகிற ஓலைப்புரை ஒன்று இருந்தது. பிள்ளைப்புரை என்போம். அதன் கிழக்குப் பக்கத்து ஓலை பிய்ந்து மாதக்கணக்காகியும் அதை மாற்ற ஆளில்லை. மூன்று தடவை என் கையாலேயே எழுதி சாயிப்பின் மேசையில் வைத்தேன். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினான்.

எங்கள் மலைக்குளிரை ஊட்டிக் குளிர் என்று சொல்லமாட்டேன். ஆனால் மார்கழியில் மஞ்சு இறங்கினால் உச்சிப்பொழுதுவரைக்கும் விலகாது. எல்லாம் நனைந்தே கிடக்கும், எலும்பு உட்பட. அந்தக் குளிரில் சாயிப்பின் பந்து பறக்கவில்லை. அடித்தால் கைதான் வலித்தது. கிறிஸ்துமசுக்கு அடுத்த வாரம் பக்கத்து மலைத் தோட்டத்துச் சாயிப்போடு பந்தயம். போன வருடம் தோற்றிருந்தான். ஒரு பெட்டிப் பந்துகளை என் மேசையில் கொட்டி, யுத்தத்துக்கு முந்தியவை, பிந்தியவை, இறுக்கமானவை, மெத்தென்றவை எல்லாம் கலந்து கிடக்கின்றன, குளிருக்கு ஏற்ற ஒரு டஜன் பொறுக்கி வை என்றான்.

அதற்குமுன் கிட்டிப்புள்தான் நான் ஆடிய பெரிய ஆட்டம். பந்துகளை எடுத்துக்கொண்டு உருளைப்புரைக்குப் போய் சிமென்ட் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி துள்ளின. படித்தவன் என்ற கெத்தில் ஒவ்வொன்றையும் காதோடு வைத்துக் கேட்கவும் செய்தேன். என்ன கேட்டது என்று என்னிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் தகடு உருட்டிக்கொண்டிருந்த செல்லம்மை அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லம்மை களியக்காவிளைப் பக்கத்துக்காரி. முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் வடக்கே பீருமேட்டு மலைக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஏழு மாதப் பெண்குழந்தையோடு, வேலைக்காரர்களின் வரிசைவீடான லயத்தில் ஓர் அறையில் இருந்தாள். காலையிலிருந்து மாலைவரை ரப்பரில்தான் அவள் கை. குளிர்ந்த காலையில் தகடு எப்படி முறுகும், எந்தப் பதத்தில் இழுத்தால் திரும்பி வரும் என்பதெல்லாம் அவளுடைய விரலுக்குத் தெரியும். கையைத் துடைத்துவிட்டு வந்து ஒரு பந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“இது கல்லாக்கும் அய்யா. வரிஞ்சு கெட்டினது. குளிருக்கு இன்னும் வெறைக்கும். இந்தாப் பிடியுங்க, இதுல சீவன் கெடக்கு” என்று இன்னொன்றை என் கையில் வைத்தாள்.

உண்மையாகவே வித்தியாசம் தெரிந்தது. கால்மணி நேரத்தில் பன்னிரண்டைப் பொறுக்கித் தந்துவிட்டாள். சூட்டில் வைத்து எடுத்தால் இன்னும் துள்ளும் என்று சொன்னதும் அவள்தான். நான் அதை அப்படியே போய் சாயிப்பிடம், என் மூளையில் உதித்ததுபோலச் சொன்னேன். அவனுக்கு மெத்த சந்தோஷம். புகைப்புரையை ஒட்டி ஒரு முன்னறை இருந்தது. அடுப்புச்சுவர் அந்தப் பக்கம் இருந்ததால் அறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். அங்கே ஒரு தகரப்பெட்டியில் கம்பளித் துண்டு விரித்துப் பந்துகளை வைக்க உத்தரவாயிற்று. காலையும் மாலையும் நான் போய்ப் பார்த்துப் புரட்டிப் போட வேண்டும். அடைகாக்கிற கோழிக்குக்கூட அவ்வளவு கரிசனம் இருக்காது.

அந்த வாரம்தான் செல்லம்மையின் குழந்தைக்குச் சளி பிடித்தது. பிள்ளைப்புரையில் ஓலை பிய்ந்த பக்கமாகத்தான் அதன் தொட்டில். மூன்றாம் நாள் நான் பந்தைப் புரட்டப் போனபோது செல்லம்மை முன்னறை வாசலில் நின்றாள்.

“பந்து இருக்கிய அறையில ஒரு மூலையில எனக்க பிள்ளையக் கெடத்தட்டா அய்யா? பந்த ஒண்ணும் செய்யமாட்டா. தவழக்கூடத் தெரியாதுல்லா.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன வார்த்தைகளில் எனக்கு மிகவும் அருவருப்பானது இதுதான். கதவைத் திறந்து விட்டிருந்தால் போதும். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் நான் மாமாவிடம் போய்க் கேட்டேன். தகட்டில் மூத்திர வாடை அடித்தால் யார் பதில் சொல்வது என்றார் மாமா. “இண்ணைக்கு ஒருத்திய விட்டா நாளைக்குப் பத்துப்பேரு பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிப்பாளுவ மக்கா” என்றார். நிற்கட்டுமே, அறை பெரியதுதானே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. திரும்பி வந்து, கூடாது என்று அவளிடம் சொன்னேன். யார் கூடாது என்றார் என்பதைச் சொல்லவில்லை. அந்த அதிகாரம் என்னுடையது என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை.

பந்தயத்தன்று நல்ல மஞ்சு. எங்கள் சாயிப்பு ஜெயித்துவிட்டான். வேர்வையும் சிரிப்புமாக ஸ்டோருக்கு இறங்கி வந்து என் தோளில் தட்டினான். தன்னுடைய அரைகுறை மலையாளத்தில், “நினக்கு எந்து வேணும்?” என்றான். பின்னால் மாமா நின்றார். முன்னறைதான் முதலில் நினைவுக்கு வந்தது. குழந்தைகளை அங்கே கிடத்த வேண்டும் என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. நான் கம்பளிக் கோட்டு வேண்டும் என்றேன். அன்று மாலையே அவனுடைய பழைய பழுப்புக் கோட்டு வந்தது. கை என் விரலுக்கும் கீழே தொங்கியது. வயலில் குருவி விரட்ட நட்டுவைத்த பொம்மைபோல அதைப் போட்டுக்கொண்டு உருளைப்புரை வழியாக நடந்தேன். செல்லம்மை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி தகட்டை உருளையில் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவள் அதைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ரைட்டரிடம் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு மலையிறங்கினாள். பஸ் நிற்கிற இடத்துக்கே இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். நான் சொன்னேன். யாரைக் கேட்டுப் போனாள் என்றார் மாமா. பத்து நாள் சொல்லாமல் வேலைக்கு வராமலிருந்தால் பதிவேட்டில் பெயரை வெட்ட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். பத்தாம் நாள் மாமா பதிவேட்டை என் முன்னால் தள்ளினார். சொல்லிவிட்டுத்தான் போனாள் மாமா, என்னிடம் சொன்னாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார்.

“நீ யாருலே லீவு குடுக்கதுக்கு? பத்தாச்சுல்லா, வெட்டு.”

வெட்டினேன். சிவப்பு மையில். கோடு கோணக்கூடாது என்று அடிமட்டம் வைத்து வெட்டினேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், மை காய ஊதவும் செய்தேன்.

பதினோராம் நாள் அவள் வந்தாள். குழந்தை பிழைத்திருந்தது, பல்லிக்குஞ்சுபோல. லயத்தில் அவளுடைய அறையில் வேறு குடும்பம் ஏறியிருந்தது. பானையும் பாயும் வெளியே மழையில் கிடந்தன. அழுது கூப்பாடு போடுவாள் என்று பயந்து ஸ்டோருக்குள் பதுங்கியிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். என் கோட்டைப் பார்த்தாள்.

“பந்துக்கு ஒரு பெட்டி கெடந்துதே அய்யா” என்றாள். “நான்தானே பெறக்கித் தந்தேன்.”

பாயை உதறிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவளை வழியனுப்பக்கூட ஒருவரும் வரவில்லை, வேலை நேரம்.

பிறகு எனக்கு வீரம் வந்தது. தை மாதம் இன்னொரு பந்தயம் நடந்தபோது, அவள் கல் என்று ஒதுக்கிய பந்துகளை எடுத்து ஓடைத்தண்ணீரில் போட்டுவைத்து, துடைத்து, தகரப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். சாயிப்பு மோசமாகத் தோற்றான். மஞ்சைத் திட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே விருந்தாளியோடு தேநீர் குடிக்கப் போனான். என் புரட்சி அவ்வளவுதான். அதற்குள் பிள்ளைப்புரையின் ஓலையும் மாற்றியாகிவிட்டது, கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டதே. இன்னும் ஒன்றரை வருடம் அங்கேயே இருந்தேன். கோட்டைக் கழற்றி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. மேலும் ஒரு மார்கழிக்கு அதைப் போட்டேன். அதன்பிறகு கீழே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் இறங்கிவிட்டேன். வடசேரிச் சந்தையிலும் களியக்காவிளை பஸ்ஸிலும் தலைச்சுமைக்காரிகளின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் வெகுநாள் இருந்தது. ஒருமுறையும் அவளைக் காணவில்லை. கண்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சாயிப்பு அதற்கு முன்பே தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறியிருந்தான். மாமா ஓய்வு பெற்று, ஊரில் மரியாதையோடு செத்துப்போனார். தோட்டம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் காட்டிலாகாவுக்குப் போயிற்று. சில வருடங்களுக்கு முன்பு ஒரு நண்பரின் சிபாரிசில், வனக்காவலர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏறிப்போனேன். புல்மேட்டில் இடுப்பளவு புதர். புகைப்புரை இருந்த இடத்தில் கரிபிடித்த செங்கல் நாலைந்து. பிள்ளைப்புரையின் தடமே இல்லை. லயம் இருந்த சரிவில் பெரிய மரங்கள். அந்தக் காவலர் முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர்.

“இங்க ஆளு இருந்ததே கெடையாது சார். எப்பவும் காடுதான்” என்றார்.

இருந்தார்கள் என்றேன். செல்லம்மை என்று ஒருத்தி இருந்தாள் என்றேன். சொந்தக்காரங்களா என்று கேட்டார். இல்லை, நான் வெட்டினவன் என்றேன்.

“மரமா சார்?”

இல்லை, ஒரு பெயர் என்றேன். அவர் காதில் அது விழுந்ததோ என்னவோ, அட்டை ஏறும், நிற்காமல் வாருங்கள் என்று சொல்லி முன்னால் நடந்தார்.