ராணி முகம் காட்டாத படம்

தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஆறரை மணிக்கு, கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் எங்கள் படம் வெளியானது. நான் ஏழாம் வகுப்பு. படம் பதினோரு நிமிடம். இயக்குநர் நான், கதாநாயகி தர்ஷினி. அன்றோடு அவள் இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

மூலக்கதை ஒரு கோடு போட்ட நோட்டில் இருந்தது. எங்கள் திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் நாங்கள் நடத்திவந்த ஊதா நாட்டின் வரலாறு அது. அவள் ராணி, நான் மந்திரி. பழம் கொத்த வரும் கிளிகள் எதிரி நாட்டு ஒற்றர்கள். அவள் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். நான் கிழமை, மாதம், நேரம் போட்டு எழுதிவைப்பேன். மழை பெய்யாத நாளில் மழை பெய்ததாக அவள் சொன்னால், எழுத மாட்டேன் என்று சண்டை போடுவேன். "ஊதா நாட்டுல பேஞ்சதுடி, ஒனக்கென்ன?" என்பாள்.

அதைப் படமாக எடுப்பது ஆவணி மாதம் முடிவாயிற்று. ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டுவேன் என்று ராணிக்கு வாக்குக் கொடுத்தேன். அம்மாவின் செல்போன் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். நான் போட்டிருந்த படப்பிடிப்பு அட்டவணையை ராணி ஏற்கவில்லை.

"மொதல்ல பேச்ச எடுப்போம்டி. மூஞ்சி எங்கன போயிரப்போகுது?"

அவள் வசனம் முழுவதையும் மூன்று ஞாயிறுகளில் பதிவு செய்தோம். புரட்டாசிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் ஊரே அவள் வீட்டு வாசலில் நின்றது. என்னை யாரும் உள்ளே விடவில்லை.

அடுத்த வாரம் தோட்டத்தில் கவாத்து. அறுப்பு முடிந்தால் கொடியை வெட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டினால்தான் புதிதாகத் துளிர்க்கும். பள்ளிவிட்டு வந்து பார்த்தேன். ஊதா நாட்டில் இலை இல்லை, நிழல் இல்லை. கம்பியும் கல்தூணும் மொட்டைக் கொடியும் மட்டும் இருந்தன. அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்று தோன்றியது. போரில் அழிந்த நாடு எப்படி இருக்கும்? இப்படித்தானே இருக்கும்!

மறு ஞாயிறே படப்பிடிப்பைத் தொடங்கினேன். ராணி எதைப் பார்க்கிறாளோ அது மட்டும் திரையில் தெரியும். செல்போன்தான் அவள் கண். தம்பி பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிளியாகப் பறந்தான். அழிந்த நாட்டை ராணி சுற்றிப் பார்க்கிறாள், ஆணையிடுகிறாள், படை திரளுகிறது. கடைசிக் காட்சிக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். வெட்டிய கணுக்களில் துளிர் வந்த அன்று காலை ஆறே முக்காலுக்கு அதை எடுத்தேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் மாமா எல்லாவற்றையும் கோத்துத் தந்தார். புரொஜெக்டரும் அவருடையது. தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிக்கல் என் பெரியப்பாவிடமிருந்து வந்தது.

"எறந்த பிள்ளையோட கொரல சபையில போடக்கூடாது ஆத்தா. பெத்தவ நெஞ்சு தாங்குமா?"

"ஒரு வார்த்தை அவுகளையே கேட்டுக்கிருவோம்ணே," என்றாள் அம்மா.

தர்ஷினியின் அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். அவரிடம் கேட்கப் பெரியவர்களுக்கே தைரியம் வரவில்லை. ஆறரை மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. பெரியப்பா சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். என் மூன்று மாத உழைப்பு அவருடைய ஒரு விரலில் இருந்தது.

வாசலில் ஜீப் நின்றது. தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் தர்ஷினியின் அம்மா, எனக்கு அத்தை முறை, உள்ளே வந்தார். எல்லாத் தலையும் திரும்பியது.

"என்னாத்துக்கு எல்லாரும் முழிக்கிறீக? எம்மக படத்துக்கு நான் வராம யாரு வருவா? போடுங்க," என்று முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தார்.

பெரியப்பா தன் கையாலேயே விளக்கை அணைத்தார்.

தம்பி பறந்தபோது கூடம் விசிலடித்தது. "ஏலே, கிளிக்கு மூக்கு ஒழுகுதுலே!" என்று யாரோ கத்தினார்கள். ராணியின் குரல் வந்ததும் சத்தம் நின்றது. 'படைகளே, பின்வாங்காதீர்கள்! இந்த நாடு மறுபடி முளைக்கும்!' அவள் அப்படி முழங்க, திரையில் துளிர் ஆடியது. கைதட்டல் வெளியே ரோடுவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்த முழக்கத்தின் வாலில் ஒரு பிழை இருந்தது. பதிவின்போது அவளை அவள் அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டார். ராணிக் குரலை அப்படியே விட்டுவிட்டு, "இந்தா வர்றேம்மா, அஞ்சு நிமிசம்!" என்று கத்திவிட்டாள். வசனத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அதைப் பிரித்தெடுக்க மாமாவுக்கு நேரம் போதவில்லை. கைதட்டலில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நம்பினேன்.

"இன்னொருக்காப் போடுங்க," என்றார் அத்தை.

போட்டோம். மறுபடியும் கேட்டார். மொத்தம் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் கூடம் கைதட்டியது. எங்கள் ஊரில் எந்தப் படமும் ஒரே மாலையில் நான்கு காட்சி ஓடியதில்லை. பெரியப்பா என்னைத் தோளுக்குமேல் தூக்கிவிட்டார். ராணியிடம் கொடுத்த வாக்கை மந்திரியாக நிறைவேற்றிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

கூட்டம் கலைந்ததும் அத்தையிடம் போனேன். செய்த தவற்றை நாமே ஒப்புக்கொள்வதுதான் முறை.

"மன்னிச்சிருங்கத்தே. கடைசில ஒரு வேண்டாத பேச்சு வந்துருச்சு. அத வெட்டிட்டு நல்லாத் தாரேன்."

அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். வலித்தது.

"வெட்டிராத தாயி."

எவ்வளவு பெருந்தன்மை! என் குறையைப் பார்த்தும் பொறுத்துக்கொண்டார் என்று நினைத்து, தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன்.