பெட்டிக்குள் இருந்த சோறு

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே இங்கிலீஷ் தொடருக்குக் கதை சொன்னவர் அவர்தான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின காலம் அது. தெருவில் ஒரே வீட்டில் டிவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய உளவாளித் தொடர் வரும். கையில் பெட்டியோடு ஒருவன் லிஃப்டில் ஏறுவான். கதவு திறந்தால் ஒரு வாரம் பாலைவனம், ஒரு வாரம் யார் வீட்டுக் கல்யாணமோ, ஒரு வாரம் ஆளே இல்லாத கோர்ட்டு. ஆளாளுக்கு அந்தப் பெட்டிக்காக அவனைத் துரத்துவார்கள். அவன் அதைத் திறக்கவே மாட்டான். தலையும் புரியாது, வாலும் புரியாது. போதாக்குறைக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போனால் ஒரு பேச்சும் காதில் விழாது. அப்போதுதான் இவர் ஆரம்பிப்பார்.

"பொட்டில இன்னா கீதுன்றீங்க? அவங்கம்மா கட்டிக் குட்த்த சோறு. துன்றதுக்கு நேரமில்லாம சுத்திக்கினு கீறான், பாவம்."

தெருவே நம்பியது. நானும் நம்பினேன். அந்த வாயைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? கடைசி வாரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. இவர் அசரவில்லை. உளவாளி காசிமேட்டுக் கடலோரம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான் என்று முடித்துவிட்டார்.

துறைமுகத்தில் இவருக்கு சிக்னல் வேலை. கப்பல் மேல்தளத்தில் நின்று கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். அந்தச் சத்தத்தில் வாய்க்கு வேலையே கிடையாது. அங்கே சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம் கொட்டுவார். நான் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் துடைத்து வைத்ததுபோல் காலியாகத் திரும்பி வரும்.

ரிடையர் ஆன பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அதை அறுத்து எடுத்தபோது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இவர் ஆள் முகத்தையே பார்ப்பதில்லை. என் முகத்தையும்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் மகள்தான் எங்கேயோ தேடி அந்தத் தொடரைப் பிடித்து டிவியில் போட்டாள். கீழே எழுத்து ஓடியது. படித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சோறுன்னு எங்கயுமே வரலியே! ரகசிய பேப்பருன்றாங்க" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இவர் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "அந்த எய்த்த நிறுத்துடி. சத்தத்தையும் நிறுத்து" என்றேன். இவர் பாஷையிலேயே, உள்ளே கேட்கும்படி நானே கதை சொல்ல ஆரம்பித்தேன். "கல்யாணத்துக்கு வந்துகிறான். அது அவன் தோஸ்து கல்யாணம்..."

கதவருகில் நிழல் தெரிந்தது. இவர் கையை நீட்டி வீசிக் காட்டினார். துறைமுகத்தில் அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம். பிறகு மகளைக் காட்டி, தாலி கட்டுவதுபோல் காட்டினார். நினைவு வந்துவிட்டது. தோஸ்து இல்லை, அந்த உளவாளியின் மகள் கல்யாணம்! அப்படித்தான் அன்றைக்குச் சொல்லியிருந்தார்.

அப்புறம் ஞாயிறுதோறும் அதே வேலை. நான் சொல்வேன், இவர் 'தூக்கு', 'இறக்கு', 'நிறுத்து' என்று கையாலேயே என்னைத் திருத்துவார். நான் விடாமல் சண்டை போடுவேன். "யோவ், நீ அன்னிக்கு அப்டி சொல்லல!" என்பேன். அவர் தோள் குலுங்கச் சிரிப்பார், சத்தமே வராது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு பேசியது அந்த நாட்களில்தான்.

கட்டி திரும்பி வந்தது. சோறு இறங்கவில்லை. வயிற்றில் குழாய் வைத்து அதில் கஞ்சித் தண்ணி ஊற்றினோம். அடுப்பில் குழம்பு கொதித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்க மாட்டாமல் நான் பக்கத்து வீட்டில் போய்ச் சமைத்தேன்.

மிச்சம் இருந்தது கடைசி வாரம் மட்டும். மகள் அதைப் போடப் போனபோது, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக் காட்டினார். கிரேனில் சரக்கு அப்படியே தொங்கட்டும், நான் சொல்லும்வரை யாரும் அசைக்காதே என்று அர்த்தம். அசதி என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், தான் சொன்ன முடிவு பொய்யாகிவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிறு மத்தியானம், "போடவாம்மா?" என்றாள் மகள். அவர் காட்டுவதுபோலவே ஆள்காட்டி விரலைக் கீழே காட்டிச் சுற்றினேன். இறக்கு.

எழுத்தும் இல்லை, சத்தமும் இல்லை. லிஃப்டு கதவு திறந்தது. காசிமேடும் இல்லை, கடலும் இல்லை, வெறும் அறை. உளவாளி தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலிம்மா. ஒண்ணுமே இல்ல" என்றாள்.

"துன்ட்டான்டி" என்றேன். "ஒரு பருக்க மிச்சம் வெக்கல, பாரு."