சிரிக்கச் சிரிக்க ஓடவைக்கும் வேலை

நாற்பத்தேழு வயதுக்காரன் ஒருவனை, அவன் அடிக்கும் கடிஜோக்குக்காகவே வேலைக்கு எடுக்கிறார்கள் என்றால் அந்த ஊர் பெங்களூராகத்தான் இருக்கும். தங்கவயலிலிருந்து தினம் ரயிலில் பெங்களூர் போய்வருகிறவன் நான். மொபைல் ஆப்களுக்குத் தமிழில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று தமிழ்ப் பிரிவையே மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் பேங்க் மெசேஜ் சத்தம் கேட்டாலே எனக்கு வியர்க்கும். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திறந்து பார்த்தேன். பொங்கல் வாழ்த்து.

அந்த வாரம்தான் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. குடோனில் சரக்கு எடுப்பவர்கள் காதில் மாட்டும் கருவி செய்கிறார்கள். எந்த ரேக்குக்குப் போக வேண்டும் என்று அது சொல்லும். ஆள் கொஞ்சம் நின்றால், "தாமதம். விரைந்து செயல்படவும்" என்று அதட்டும்.

"அதட்டினா கழட்டிடறாங்க சார்," என்றார் அந்த மேனேஜர் பெண். "சிரிச்சா கழட்டமாட்டாங்க. உங்க ஜோக், உங்க குரல். அதான் வேணும்."

அங்கேயே ஒன்று எடுத்துவிட்டேன். "அண்ணே, ரேக்கைக் கட்டிப்பிடிச்சது போதும், அண்ணிக்குத் தெரிஞ்சா வம்பு!"

அறையே சிரித்தது. பழைய சம்பளத்தைவிட அதிகம் தருவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும்.

மனைவிக்குப் போன் போட்டேன். "ஜோக் சொல்றதுக்குச் சம்பளமாம்!"

"இத்தனை வருஷம் கேட்டுட்டிருந்தவளுக்கு என்ன தருவாங்களாம்?"

சாயங்கால ரயிலில் எங்கள் பெட்டிக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பருப்புக்காக உரிக்கிற பெங்களூர் அவரைக்காய் சீசன் வந்தால் யாராவது ஒருவர் பை நிறைய வாங்கிவருவார். ஆளுக்கு ஒரு கை அள்ளி மடியில் போட்டு உரிப்போம். காய் யாருடையது என்று கணக்கில்லை. ஊர்க் கதை ஓட ஓட பங்காரப்பேட்டை வரும்போது பை காலியாகும். அன்றைக்குப் பை கொண்டுவந்தது ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் அக்கா. நான் புது வேலையைச் சொன்னதும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். செய்து காட்டியே ஆக வேண்டுமாம்.

நான் மெஷினாக மாறினேன். யார் கை நின்றாலும் விடவில்லை. எதிரே வெல்டிங் வேலை பார்க்கும் தம்பி ஒரு காயை உருட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது அவரைக்காய், பார்க்கப் போன பொண்ணு இல்லை. உரி!"

பெட்டி குலுங்கியது. ஜன்னலோரப் பெரியவர் தன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி கோபித்துக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, வாய் ஒயிட்ஃபீல்டு வந்துடுச்சு, கை இன்னும் கன்டோன்மென்ட்லயே நிக்குது!"

மறுபடி சிரிப்பு. அப்புறம் எல்லோருடைய தலையும் குனிந்தது. விரல்கள் பறந்தன. பங்காரப்பேட்டைக்கு வெகு முன்னால், மாலூர் வருவதற்குள்ளேயே பை காலி. வெற்றிக் களிப்போடு நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் பேசவில்லை. சம்பந்தி சமாதானம் ஆனாரா இல்லையா என்று கேட்க ஆளில்லை. பெரியவரும் சொல்லவில்லை. உரித்து முடித்த கைகளோடு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருந்துச்சுக்கா?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணா. எப்ப நிறுத்துவீங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன்."

வெல்டிங் தம்பி விடவில்லை. "இன்னா குரு, வேலையில்லாத ஆளு நீ. வேலை செய்யறவங்கள இந்த விரட்டு விரட்டற?"

அந்தச் சனி, ஞாயிறு முழுக்க நானே எனக்கு வக்கீலாக வாதாடினேன். நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான். அவன் ஜோக் இன்னும் மட்டமாக இருக்கும். ஆகவே தொழிலாளர் நலன் கருதி நானே தியாகம் செய்வதுதான் முறை! வாதம் எனக்கே பிடித்துப்போனது, ஆனால் உள்ளுக்குள் ஒன்று இடித்தது. மட்டமான ஜோக் என்றால் கழற்றி வைத்துவிட்டு ஒரு நிமிடம் மூச்சு வாங்குவார்கள். நான் நன்றாகச் செய்யச் செய்ய அந்த ஒரு நிமிடம்தான் போகும். இந்த வேலையில் என் திறமைதான் ஆபத்து.

"போய்ச் சேர்ந்து, வேணும்னே மொக்கையா எழுதிட்டா?" என்று மனைவியிடம் யோசனை கேட்டேன்.

"வேணும்னே எதுக்கு? தானா வருமே," என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிடிக்கலைன்னா விடுங்க. சின்னச் சம்பளத்துல இருந்து பழகினவங்கதானே நாம," என்றாள்.

திங்கட்கிழமை மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"ஜோக்கை டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன் மேடம். பிரமாதமா வேலை செய்யுது."

"சூப்பர் சார்! எப்ப ஜாயின் பண்றீங்க?"

"அதனாலதான் மேடம், வரலை."

அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். நானும் உரித்த அவரைக்காயிலிருந்து ஆரம்பித்து மொத்தத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓகே சார்" என்று வைத்துவிட்டார். நல்லது செய்த பெருமிதம் ஒரு டீ குடிக்கும் வரை இருந்தது. டீக்குக் காசு கொடுத்தபோது பழைய வியர்வை திரும்ப வந்துவிட்டது.

இப்போது சிவாஜிநகரில் ஒரு மாடி அறையில் வேலை. பெங்களூரின் அடுக்குமாடிகளில் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் மணியை அழுத்தினால் என் குரல் கேட்கும். சம்பளம் குறைவு, வருத்தமில்லை. முதல் நாள் மாட்டியவர் ஒரு வயதான அம்மா.

"பயப்படாதீங்கம்மா, பயப்படாதீங்கம்மா, மெக்கானிக் கிளம்பிட்டாரும்மா!" என்று மூச்சுவிடாமல் கத்தினேன்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீ மொதல்ல தண்ணி குடிப்பா," என்றார் அந்தம்மா.

குடித்தேன். மெக்கானிக் வந்து சேரும்வரை இரண்டு பேரும் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.